குழாய்க்குள் ஒரு சிவப்பு மூடி

வாலரூ, தெற்கு ஆஸ்திரேலியா
8 ஜனவரி 2012

லெய்ட்டன்,

நான் அழைத்தால் மட்டும் உன் போன் அணைந்துவிடுகிறது. சுரங்க முகாமின் அலுவலகத்துக்குக் கடிதம் போட்டால் கையிலேயே கொடுத்துவிடுவார்கள் என்று உன் தம்பி சொன்னான். அதனால் எழுதுகிறேன். நலம் விசாரிக்க அல்ல.

வண்டியைத் திரும்ப ஓட்டப் போகிறேன். மார்ச் நான்காம் தேதி டன்ஸ்டன் மேட்டில் கார் ஏற்றப் போட்டி. பெயர் கொடுத்தாயிற்று. இது என் யோசனை இல்லை, ஆல்வின் ரோடாவின் யோசனை. நான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாவில் இறைச்சி பொதிந்த பாஸ்டி சுட்டு எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போவது உனக்குத் தெரியும். நீ அதைக் கிண்டல் செய்யாத நாள் இல்லை. போன வாரம் தட்டை வாங்கி மேசையில் வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என் இடுப்பு ஒடஞ்சு ரெண்டு வருஷமாச்சு, கெரன்சா. நீ வாராவாரம் வந்து துக்க வீட்டுல உக்கார்ற மாதிரி உக்காந்துட்டுப் போறதால அது ஒட்டப் போறதில்ல. போய் வண்டிய ஓட்டு. இல்லன்னா இங்க வராத."

என் எஞ்சின் வெடித்துச் சாலையில் கொட்டிய எண்ணெயில் சறுக்கி, மரத்தில் மோதியவர் சொல்கிறார்.

அறுவடை முடிந்து தானியக் கிடங்கில் வேலை குறைந்ததும், வண்டி உடைக்கும் இடத்திலிருந்து வேறோர் எஞ்சின் எடுத்து வந்து இறக்கினேன். நானேதான். ஓடுகிறது. கூலர் மட்டும்தான் பாக்கி. நீ புதிதாக வாங்கி மாட்டிய பெரிய கூலர், பெட்டிக்குள் டேப் ஒட்டியபடி பட்டறை மேசைக்கு அடியில் கிடக்கிறது. அதிலிருந்து இரண்டு குழாய்கள் வருகின்றன. எது பம்புக்குப் போவது, எது சூப்பர்சார்ஜர் பக்கம் போவது? எந்த வரிசையில் மாட்டுவது? தண்ணீர் ஊற்றியபின் காற்றை எப்படி வெளியேற்றுவது?

இதற்கு மட்டும் பதில் எழுது. வேறு எதுவும் வேண்டாம்.

கெரன்சா

*

நியூமனுக்கு வடக்கே, மேற்கு ஆஸ்திரேலியா
17 ஜனவரி

கெரன்சா,

மகாராணி கடிதம் எழுதினால் பதில் எழுதத்தானே வேண்டும். இங்கே நாற்பத்தாறு டிகிரி. உணவுக்கூடத்தில் ஆறு நாளாக ஒரே ஆட்டிறைச்சி. லாரிக்கு அடியில் பன்னிரண்டு மணி நேரம் படுத்துக் கிடந்துவிட்டு வந்தால், ஒரு எஞ்சினைச் சாகடித்தவள் இன்னொன்றை இறக்கிவிட்டேன் என்று பெருமை பேசுகிறாள்.

முதலில் ஒன்று. அந்தப் பெட்டியைத் தூக்கிக் குப்பைமேட்டில் போடு. அந்தக் கூலர் சரியில்லை, துடுப்புத் தகடெல்லாம் மடங்கியிருக்கும். புதிதாக ஒன்று வாங்கிக்கொள். பழையதைத் தொடாதே.

புதியது வந்ததும் இப்படிச் செய். பம்பரைக் கழற்று. சக்கர வளைவுக்குள் இரண்டு பக்கமும் ஒரு திருகு ஒளிந்திருக்கும், அதை மறந்துவிட்டு இழுத்து உடைப்பாய், தெரியும். எஞ்சின் ரேடியேட்டருக்கு முன்னால், ஒரு விரல் இடைவெளி விட்டுக் கூலரை நிறுத்து. சூப்பர்சார்ஜரிலிருந்து சுடச்சுட வரும் தண்ணீர் மேல் குழாய் வழியாகக் கூலருக்குள் போகும். ஆறிய தண்ணீர் கீழ்க் குழாய் வழியாக வெளியே வந்து பம்புக்குப் போகும். பம்ப் அதைத் திரும்ப மேலே தள்ளும். அவ்வளவுதான் வித்தை. எஞ்சினைக் குளிர வைக்கும் தண்ணீர் வேறு, இது வேறு. இரண்டையும் கலக்காதே.

வண்டியின் மூக்கை ஜாக்கி வைத்துத் தூக்கு. ஊற்றும் வாய்தான் எல்லாவற்றையும்விட உயரத்தில் இருக்க வேண்டும். எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பினால் பம்ப் ஓடும். குழாய்களைக் கையால் பிசைந்துகொண்டே இரு. குமிழி நிற்கும்வரை ஊற்று. உள்ளே காற்றை விட்டுவைத்தால் தண்ணீர் சுற்றாது. சுற்றாவிட்டால் சூப்பர்சார்ஜர் அமுக்கும் காற்று அடுப்பாய்க் கொதிக்கும், பிஸ்டன் உடையும். அது எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

எஞ்சின் ஏதாவது சொன்னால் இந்தத் தடவையாவது காது கொடுத்துக் கேள். அன்றைக்கு அது கதறியிருக்கும். நீ மிதித்துக்கொண்டே போனாய்.

லெய்ட்டன்

*

வாலரூ
27 ஜனவரி

லெய்ட்டன்,

பம்பர் உடையாமல் வந்தது. அந்தத் திருகுகளை நீ சொல்வதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டேன்.

பெட்டியைக் குப்பையில் போடவில்லை. நீ எதையாவது தொடாதே என்றால் அதைத் தொட்டுப் பார்க்கிற பழக்கம் கல்யாணமான இரண்டாம் வருடமே வந்துவிட்டது. டேப்பை அறுத்தேன். மூன்று சுற்றுச் சுற்றியிருந்தாய். ஒரு கூலருக்கு எதற்கு அவ்வளவு டேப் என்று அப்போதே தோன்றியது. துடுப்பில் ஒன்றுகூட மடங்கவில்லை. கடையிலிருந்து இப்போதுதான் வந்தது போல இருந்தது.

இரண்டு வருடம் கிடந்த தூசி போகட்டும் என்று நேற்று, விடுமுறை நாள், புல்தரைக்கு எடுத்துப் போனேன். மேல் குழாயில் தோட்டத்து ஹோஸைச் செருகித் தண்ணீரைத் திறந்தேன். கீழ்க் குழாயில் ஒரு சொட்டு வரவில்லை. இன்னும் திறந்தேன். தண்ணீர் என் முகத்திலேயே திரும்பி அடித்தது. எறும்புக் கூடாக இருக்கும் என்று நினைத்தேன்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். கீழ்க் குழாய்க்குள் சிவப்பாக ஏதோ தெரிந்தது. மூக்கு நீண்ட இடுக்கியால் பிடித்து இழுத்தேன். பிளாஸ்டிக் மூடி. கடையிலிருந்து வரும்போது தூசி போகாமல் குழாய் வாயில் செருகி அனுப்புவார்களே, அது. குழாய் விளிம்போடு விளிம்பாக உட்கார்ந்திருந்தது. அதற்கு மேலேயே ரப்பர் குழாயைச் செருகிக் கிளிப் போட்டு முறுக்கியிருக்கிறாய். கிளிப்பின் தழும்பு வெளியே அப்படியே இருக்கிறது.

புல்லில் உட்கார்ந்துவிட்டேன். ஹோஸ் ஓடிக்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை நீ மாட்டினாய். சனிக்கிழமை மூன்றாவது ஓட்டத்தில் எஞ்சின் வெடித்தது. அந்த ஒரு நாளும் கூலரில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சுற்றவில்லை.

இதற்கு என்ன சொல்கிறாய்?

கெரன்சா

*

முகாம்
4 பிப்ரவரி

உனக்கு ஒரு மூடி கிடைத்தது. நல்லது. அது எப்போது உள்ளே போனது என்று உனக்கு எப்படித் தெரியும்? கழற்றி வைக்கும்போது தூசி போகாமலிருக்க நானே போட்டிருப்பேன். எனக்கு நினைவில்லை. நீயே இப்போது செருகிவிட்டுக் கதை கட்டுகிறாயோ என்னவோ, உன் விவாகரத்து வக்கீல் சொல்லிக்கொடுத்திருப்பார்.

எஞ்சினை ஓட்டியது நீ. மிதித்தது நீ. இனிமேல் இதைப் பற்றி எழுதாதே.

லெ.

*

வாலரூ
11 பிப்ரவரி

லெய்ட்டன்,

தூசிக்காகப் போட்டிருந்தால் இரண்டு குழாயிலும் போட்டிருப்பாய். மேல் குழாய் திறந்தே இருந்தது. மூடியின் விளிம்பில் ரப்பர் உரசிய கறுப்பு வளையம் இருக்கிறது. ரப்பர் குழாய் மேலே இருந்தால்தான் அது வரும். நீ மெக்கானிக். படித்தவுடனே புரிந்திருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமையை உனக்கு நினைவுபடுத்துகிறேன். நான்கு மணிக்குத் தொடங்கினாய். ஆறு மணிக்குப் பெட்ரோல் நிலையத்துக்குப் பக்கத்து மதுவிடுதியில் நண்பர்கள் காத்திருந்தார்கள். நான் பட்டறை வாசலில் நின்று கேட்டேன்: "தண்ணி சுத்துதான்னு பாத்தியா?"

நீ கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாய்: "பம்ப் சத்தம் கேக்குது இல்ல? அப்புறம் என்னடி? நீ ஓட்டுற வேலைய மட்டும் பாரு."

நான் வாயை மூடிக்கொண்டேன். அதற்கு மட்டும் நான் பொறுப்பு.

மறுநாள் காலை, கிளப்பின் வண்டிப் பரிசோதகர் என்ற முறையில், நம் வண்டிக்கும் நீதான் கையெழுத்துப் போட்டாய். முதல் இரண்டு ஓட்டம் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவதில், நாலாம் வளைவில், ஒரு சத்தம். நான் உடனே காலை எடுத்தேன். உடனே. இதை அன்றைக்கும் சொன்னேன், யாரும் நம்பவில்லை, ஏனென்றால் அதற்குள் நீ கிளப் அறையில் பேசி முடித்துவிட்டாய். எண்ணெய் கொட்டியதைக் கொடி காட்டுபவர்கள் கவனிப்பதற்குள் அடுத்த வண்டியில் ஆல்வின் கீழேயிருந்து புறப்பட்டுவிட்டார்.

ஆஸ்பத்திரியில் அவர் கட்டில் பக்கத்தில் நின்று நீ சொன்னதை நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். "அவளுக்கு எஞ்சின் பேசுறது கேக்கவே கேக்காது, ஆல்வின். நான் எவ்வளவோ சொல்லிட்டேன்." அன்றிலிருந்து நான் எந்த வண்டியிலும் வேகமாகப் போனதில்லை. மளிகைக் கடைக்குப் போகும்போதுகூட எல்லாரும் என்னை முந்திப் போவார்கள்.

நீ ஆல்வினுக்கு எழுது. நடந்தது முழுக்க, உன் கையால். மார்ச் இரண்டாம் தேதிக்குள் கடிதம் அவருக்கு வராவிட்டால், போட்டிக்கு முந்தைய கிளப் கூட்டத்தில் நான் எழுந்து நின்று பேசுவேன். மூடியும் கூலரும் என்னிடம்தான் இருக்கின்றன.

ஒரு கேள்விக்கு மட்டும் எனக்குப் பதில் வேண்டும். உனக்குத் தெரியுமா, தெரியாதா?

கெரன்சா

*

முகாம்
20 பிப்ரவரி

கெரன்சா,

நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். என் அறைக்குப் பக்கத்து அறைக்காரன் சுவரைத் தட்டி, "என்னடா, காதல் கடிதமா?" என்று கேட்டான்.

தெரியுமா என்றால், தெரியாது. தெரியாதா என்றால், அதுவும் இல்லை.

விபத்துக்கு மறுநாள், ஞாயிறு காலை, நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய். நான் பட்டறையைக் கூட்டினேன். மேசைக்கு அடியில் ஒரு சிவப்பு மூடி கிடைத்தது. பெட்டியோடு வந்த தாளில் இரண்டு மூடி என்று போட்டிருந்தது. குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். கார் பாய்களை உதறினேன். ஒன்றுதான் இருந்தது.

முந்தின இரவே வண்டியிலிருந்து குழாயோடு கழற்றிய கூலர் எதிரிலேயே கிடந்தது. ரப்பர் குழாயை உருவிவிட்டு டார்ச் அடித்தால் ஒரு நிமிட வேலை. குழாயை உருவினேன், தண்ணீர் கொட்டியது. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கூலரைத் தூக்கிப் பெட்டியில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு வைத்தேன் என்றுகூடச் சொல்லலாம். டேப் ஒட்டினேன். ஒரு சுற்றுப் போதாது என்று தோன்றியது.

பார்க்கவில்லை, அதனால் எனக்குத் தெரியாது, அதனால் நான் சொல்வது பொய் இல்லை. இதைச் சொல்லிக்கொண்டுதான் இரண்டு வருடம் தூங்கினேன். பரிசோதகர் கையெழுத்து என்னுடையது. வெளியே தெரிந்தால் கிளப்பில் மட்டுமில்லை, ஊரில் ஒருவரும் தன் வண்டியை என் கையில் கொடுக்க மாட்டார்கள். சனிக்கிழமை கிளப் அறையில் நான் உன்னைச் சொன்னபோது உண்மையாகவே உன் தப்பு என்றுதான் நினைத்தேன். நம்பு, நம்பாமல் போ. ஆஸ்பத்திரியில் சொன்னது செவ்வாய்க்கிழமை. அப்போது அப்படி நினைக்கவில்லை.

வீட்டை விட்டு நான் கிளம்பியதற்கும் காரணம் நீ நினைப்பதில்லை. வெள்ளிக்கிழமை ஆனால் நீ மாவு பிசைய ஆரம்பிப்பாய். அந்த வாசனை வந்தாலே எனக்கு வீட்டுக்குள் மூச்சு முட்டும். உன்னைக் கிண்டல் செய்தால் கொஞ்சம் தணியும்.

உனக்கும் ஒன்று சொல்லித்தான் ஆக வேண்டும். பெட்டி உன் பட்டறையில் இரண்டு வருடம் கிடந்தது. எதனால் வெடித்தது என்று நீயும் தேடவில்லை. பழியைத் தலையில் வைத்துக்கொண்டு, பாஸ்டி சுமந்துகொண்டு, ஊரே பார்க்கத் தெருவில் நடப்பது உனக்குப் பிடித்திருந்தது. புனிதவதி. கோபித்துக்கொள், ஆனால் யோசித்துப் பார்.

ஆல்வினுக்கு எழுதிவிட்டேன். இதே தபாலில் போகிறது. ஒன்றையும் மறைக்கவில்லை.

மே மாதம் எனக்கு இரண்டு வாரம் விடுப்பு. வரலாமா? வீட்டுக்குள் வர மாட்டேன். பட்டறை வாசல்வரை. உன்னால் மன்னிக்க முடியுமா என்று கேட்க எனக்கு உரிமை இல்லை, ஆனாலும் கேட்கிறேன்.

லெய்ட்டன்

*

வாலரூ
10 மார்ச்

லெய்ட்டன்,

உன் கடிதம் ஆல்வினுக்கு வெள்ளிக்கிழமை, போட்டிக்கு இரண்டு நாள் முன்பு வந்தது. நான் போனபோது மேசையில் விரித்து வைத்திருந்தார். கண்ணாடியைக் கழற்றாமலே பேசினார்.

"கெட்ட வார்த்தை ஒண்ணுகூட இல்ல. அதனால முதல்ல அவன் எழுதினதுன்னு நம்பல."

நான் பாஸ்டித் தட்டை மேசை ஓரத்தில் வைத்தேன்.

"மூடிய எடுக்க மறந்தது யாருக்கும் நடக்கும், கெரன்சா. நானே ஒருதரம் ஆயில் ஊத்தாம ட்ராக்டரக் கிளப்பினவன்தான். அதுக்காக அவன வையமாட்டேன். ஆனா என் கையப் பிடிச்சுக்கிட்டு நின்னான் பாரு. இடுப்புல ஆணி அடிச்சுக் கட்டிப் போட்டிருந்தாங்க, என்னால திரும்பக்கூட முடியல, அந்த நேரத்துல என் கையப் பிடிச்சுக்கிட்டு உன்னப் பத்திச் சொன்னான் பாரு. அத எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

பிறகு என் முகத்தைப் பார்க்காமல் இன்னொன்று சொன்னார். "நான் நம்பிட்டேன். அதச் சொல்லணும் உன்கிட்ட. முதல் வருஷம் நீ கொண்டாந்ததுல பாதிய நாய்க்குப் போட்டேன், கோவத்துல. நீ போனப்புறம் தட்டக்கூட நாய்தான் நக்கிச்சு. மன்னிச்சுக்கோ."

நான் சிரித்தேன். அப்புறம் அழுதேன். அவர் நாயைத் திட்ட ஆரம்பித்தார்.

கடிதத்தை அவரே சனிக்கிழமை கிளப் கூட்டத்துக்கு எடுத்துப் போய், செயலாளரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். உன்னைப் பரிசோதகர் பட்டியலிலிருந்து எடுக்க எல்லாரும் கை தூக்கினார்கள். நான் தூக்கவில்லை. உனக்காக இல்லை. எனக்கு வெளியே போய் நிற்க வேண்டும் போலிருந்தது, போய் நின்றேன். அன்றைக்கு உன்னோடு சேர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் ஒவ்வொருவராக வந்து என் தோளைத் தட்டினார்கள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அந்தக் கூலரையே போட்டிக்கு ஒரு வாரம் முன்பே மாட்டிவிட்டேன். நீ சொன்ன வரிசையில்தான். அந்த அளவுக்கு உன் கடிதம் பயன்பட்டது. மூக்கைத் தூக்கி, பம்பை ஓடவிட்டு, குமிழி நின்ற பிறகும் இன்னும் அரை மணி நேரம் ஊற்றும் வாயைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் சுற்றுவது கண்ணுக்குத் தெரிகிறது, லெய்ட்டன். மெல்லிய சுழிப்பு. பார்க்க வேண்டும் என்று நினைத்தால் யாருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை முப்பத்தொன்பது டிகிரி. முதல் ஓட்டத்தில் நாலாம் வளைவு வந்ததும் கால் தானாகவே மேலே வந்துவிட்டது. வண்டி ஊர்ந்துகொண்டு ஏறியது. இரண்டாவதில் கொஞ்சம் பரவாயில்லை. மூன்றாவதில் காலை எடுக்கவில்லை. வெயில் ஏற ஏற மற்ற வண்டிகள் மூச்சு வாங்கின. என்னுடையது காலையில் இழுத்தது போலவே இழுத்தது. என் வகுப்பில் ஆறு பேரில் நான்காவதாக வந்தேன். என் பழைய நேரத்தைவிட ஒரு நொடிக்கு மேல் அதிகம். யாரும் கோப்பை தரவில்லை.

எல்லாம் முடிந்து சாலையைத் திறந்துவிட்ட பிறகு, ஆல்வின் கைத்தடியோடு வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "என்ன மேல கூட்டிட்டுப் போ. மெதுவா." அந்தத் தாழ்ந்த இருக்கையில் அவர் உட்காரவே ஐந்து நிமிடம் ஆனது. ஒரு காலை நான்தான் தூக்கி உள்ளே வைத்தேன். நாலாம் வளைவில் நிறுத்தச் சொன்னார். இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு, மரத்தையும் சாலையையும் மாறி மாறிப் பார்த்தார். பட்டை உரிந்த இடம் இன்னும் மூடவில்லை.

"இவ்ளோ சின்ன வளைவா இது?" என்றார். "ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு யோசிக்கறப்பல்லாம் பெரிசாத் தெரியுமே."

நான் எஞ்சினை அணைத்துச் சாவியை மறுபடி பாதி திருப்பினேன். பம்ப் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பின்னால் ஒரு வண்டி வந்து ஹார்ன் அடித்தது. ஆல்வின் கையை வெளியே நீட்டி, அவன் போகட்டும் என்று காட்டினார்.

நான் பழியை விரும்பித்தான் சுமந்தேன் என்று எழுதியிருந்தாய். யோசித்துப் பார்த்தேன். கொஞ்சம் உண்மை இருக்கலாம். எஞ்சினைப் பிரித்தவன் நீ, பெட்டியை ஒட்டியவன் நீ, எங்கே தேடக்கூடாது என்று தெரிந்தவனும் நீதான். அதனால் அந்த உண்மையை என்னிடம் சொல்லும் தகுதி உனக்கு இல்லை. வேறு யாராவது சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன்.

மே மாதம் வராதே. பட்டறையில் உன் கருவிகள் இருக்கின்றன. உன் தம்பியை அனுப்பு, கட்டி வைத்திருக்கிறேன். வக்கீல் அனுப்பிய விவாகரத்துத் தாளில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன், நீயும் போடு.

மன்னிக்க முடியுமா என்று கேட்டாய். ஆல்வினிடம் கேட்டிருந்தால் அவர் ஒருவேளை தலையாட்டியிருப்பார். அவர் அப்படிப்பட்டவர். என்னைக் கேட்டால், முடியாது.

கெரன்சா